பதவி சீனியர் சைட் இன்ஜினியர், வேலை கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர்: கனடாவுக்கு எதைச் சொல்லி விண்ணப்பிப்பது?

கேள்வி இதுதான். கேட்டவருக்கு வயது 36, திருமணமாகவில்லை. சிவிலில் நான்கு வருடப் பட்டம். மொத்தம் 12 வருட அனுபவம். அதில் முதல் ஏழு வருடம் சைட் இன்ஜினியர், கடைசி ஐந்து வருடம் ப்ராஜெக்டையே இவர்தான் நடத்துகிறார். ஆனால் ஆர்டரில் இன்னும் ‘சீனியர் சைட் இன்ஜினியர்’ என்றுதான் இருக்கிறது. கனடாவுக்கு ஸ்கில்டு இமிக்ரேஷனில் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜராக விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்கிறார். ஏஜென்ட் ஒருவர், “மேனேஜர் என்று ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாராம்.

விண்ணப்பிக்கலாம். அந்த ஏஜென்டை விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாம்.

கனடா ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு என்.ஓ.சி. என்று பெயர். வளைகுடாவில் வேலை மாறியவர்களுக்கு என்.ஓ.சி. என்றதும் பழைய முதலாளியிடம் கெஞ்சி வாங்கிய காகிதம் நினைவுக்கு வரும். இது அது இல்லை, தொழில் வகைப்பாடு. கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜருக்கான எண் 70010. 2022 நவம்பர் 16-க்கு முன்னால் இதுவே 0711. பழைய வீடியோக்களில் 0711 என்று சொன்னால் குழம்ப வேண்டாம். 70010-இல் இரண்டாவது இலக்கம் 0. அது நிர்வாக வேலை, அதாவது டியர் 0 என்பதைக் குறிக்கிறது. டியர் என்பது வேலைக்கு வேண்டிய படிப்பையும் பொறுப்பையும் காட்டும் படிநிலை. நீங்கள் விண்ணப்பிக்கப்போகும் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவுக்கு டியர் 0 முதல் 3 வரை எதுவும் செல்லும்.

அந்த எண்ணுக்குக் கீழே ஒரு விளக்கமும் கடமைகளின் பட்டியலும் உண்டு. அதிகாரி உங்கள் கோப்பை எடுத்ததும் இரண்டு விஷயம் பார்ப்பார். விளக்கத்தில் சொன்ன வேலையை நீங்கள் செய்தீர்களா, முக்கியக் கடமைகளில் கணிசமானவற்றை, அதில் அத்தியாவசியமானவை அனைத்தையும் சேர்த்து, செய்தீர்களா. சட்டம் கேட்பது இவ்வளவுதான். விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருந்தது என்பது துணைச் சான்று மட்டுமே. ‘மேனேஜர்’ என்ற பட்டத்தோடு ஸ்டோர் கணக்கு எழுதியவர் 70010 ஆக மாட்டார். ‘இன்ஜினியர்’ என்ற பெயரில் ப்ராஜெக்டைத் தூக்கிச் சுமந்தவர் ஆகலாம்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு காலைப்பொழுதை நினைத்துப் பாருங்கள். எட்டாவது மாடி ஸ்லாபுக்கு கான்கிரீட் போட வேண்டிய நாள். பம்ப் வந்து நிற்கிறது, ரெடிமிக்ஸ் வண்டி வரவில்லை. பிளான்டில் ஏதோ கோளாறு, மதியத்துக்கு மேல்தான் என்கிறார்கள். சைட் இன்ஜினியர் கம்பி இடைவெளி, கவர் பிளாக், லெவல் எல்லாம் பார்த்துவிட்டுச் செக்லிஸ்டில் கையெழுத்துப் போட்டுக் காத்திருப்பார். ஃபோர்மேன் ஆட்களை வேறு வேலைக்கு மாற்றுவார். அந்த நேரத்தில் உங்கள் போன் எதற்காக அடித்தது? இன்றைக்கு ஸ்லாபை நிறுத்தலாமா, பாதியில் ஜாயின்ட் விட்டு மாலையில் ஆரம்பிக்கலாமா என்று முடிவு சொன்னவர் யார்? இந்த ஒரு நாள் தாமதம் அடுத்த மைல்ஸ்டோனைத் தள்ளுமா என்று ப்ரிமவேரா என்ற திட்ட அட்டவணை மென்பொருளில் பார்த்து, கிளையன்டுக்குக் கடிதம் எழுதி, சப்ளையர் பில்லில் பிடித்தம் செய்யச் சொன்னது யார்? அது நீங்கள் என்றால் 70010. முடிவு எடுக்க நீங்களும் வேறொருவரை அழைத்தீர்கள் என்றால், வருத்தப்படாதீர்கள், நீங்கள் சிவில் இன்ஜினியர், 21300. அதுவும் டியர் 1, அதுவும் தகுதியான வேலைதான். எஸ்டிமேஷன் மட்டுமே பார்த்தவருக்கு 22303. கொத்து, டைல்ஸ், பெயின்ட் என்று ஏதோ ஒரு ஆள்கூட்டத்தை மேய்த்தவர்கள் சூப்பர்வைசர் எண்களில் வருவார்கள், உதாரணமாக 72014.

உங்கள் கதையில் இரண்டு எண்கள் இருக்கின்றன என்பதுதான் பலர் கவனிக்காதது. முதல் ஏழு வருடம் 21300, கடைசி ஐந்து வருடம் 70010. இரண்டையும் தனித்தனியாகவே போட வேண்டும். 12 வருடத்தையும் 70010 என்று போட்டால், படிப்பு முடித்த மறுவருடமே கம்பெனியை நிர்வகித்தாரா என்று யாருக்கும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் உண்மையான ஐந்து வருடத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். முதன்மைத் தொழிலாக நீங்கள் காட்டும் எண்ணில், கடந்த 10 வருடத்துக்குள், இடைவெளி இல்லாத ஒரு வருட முழுநேர வேலை இருந்தே ஆக வேண்டும். முழுநேரம் என்றால் வாரம் 30 மணி, வருடத்துக்கு 1,560 மணி. சைட்டில் வாரம் 60 மணி நேரம் நின்றோம் என்று சொல்லி ஆறே மாதத்தில் ஒரு வருடக் கணக்கை முடிக்க முடியாது. 30-க்கு மேலே போன நேரம் எண்ணிக்கையில் சேராது. ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை வேலையில்லாமல் இருந்த மாதங்கள் இருந்தால், அந்த ஒரு வருடத்தை அவற்றுக்கு வெளியே தேர்ந்தெடுங்கள்.

இனி லெட்டர். நிராகரிப்புகளில் நான் அதிகம் பார்த்தது இங்கேதான்.

கனடா கேட்கும் வேலைச் சான்று, நம் கம்பெனிகள் கொடுக்கும் ‘எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்’ போன்றது இல்லை. நான் முதல் கம்பெனியை விட்டு வந்தபோது கையில் கிடைத்தது நாலு வரி: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை எங்களிடம் பணிபுரிந்தார், நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். என் நடத்தையைப் பற்றி அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. லெட்டர்ஹெட்டில், கம்பெனி முகவரி, போன், மின்னஞ்சலோடு, கையெழுத்துப் போடுபவரின் பெயரும் பதவியும் இருக்க வேண்டும். வகித்த ஒவ்வொரு பதவியும் அதற்கான தேதிகளும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் இதர படிகளும், என்னென்ன கடமைகள் என்பதும் இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரே கம்பெனியில் இரண்டு கட்டம் என்றால் ஒரே லெட்டரில் இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

கடமைகளை எழுதும்போது என்.ஓ.சி. பக்கத்தை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். ஏஜென்டுகள் செய்வது அதைத்தான். அதே வாக்கியங்களை அந்த அதிகாரி அன்று காலையிலேயே வேறு கோப்பில் படித்திருப்பார். ‘கட்டுமானப் பணிகளைத் திட்டமிட்டு, ஒருங்கிணைத்து, மேற்பார்வையிட்டார்’ என்ற வரியில் எதுவுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘14 மாடிக் குடியிருப்பு ஒன்றின் மாஸ்டர் ஷெட்யூலைத் தயாரித்து, வாரம் ஒருமுறை முன்னேற்ற அறிக்கையைக் கிளையன்டிடம் சமர்ப்பித்தார். ஒன்பது சப்-கான்ட்ராக்டர்களைத் தேர்ந்தெடுத்து, விலை பேசி, ஒப்பந்தம் தயாரித்தார். டிசைன் மாற்றங்களுக்கான வேரியேஷன்களைக் கன்சல்டன்டுடன் பேசி முடித்தார். மாதாந்திர ஆர்.ஏ. (நடப்புக் கணக்கு) பில்லையும் பட்ஜெட்டையும் ஒப்பிட்டுச் செலவைக் கட்டுப்படுத்தினார். நான்கு இன்ஜினியர்களும் ஆறு சூப்பர்வைசர்களும் இவருக்குக் கீழ் பணிபுரிந்தனர்.’ திட்டமிடல், ஒப்பந்தம், டிசைன் மாற்றம், செலவு, ஆட்கள் ஆகிய ஐந்தும் வந்துவிட்டன, உங்கள் சைட்டின் வாசனையோடு. எண்கள் உங்களுடையதாக இருக்கட்டும். என்னுடையதை எடுத்துப் போடாதீர்கள்.

ஹெச்.ஆர். மறுத்தால்? பல கம்பெனிகளில் ‘எங்கள் ஃபார்மேட் இதுதான்’ என்று சொல்லிவிடுவார்கள். அப்போது நேரடி மேலாளராக இருந்தவரிடம் கடமைகளைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, கம்பெனியின் நாலு வரி லெட்டரையும் கூடவே வைக்க வேண்டும். நியமன ஆணை, பதவி உயர்வுக் கடிதம், சம்பள ரசீதுகள், வங்கிக் கணக்கு, வருமான வரிப் பதிவு எல்லாம் சேரட்டும். கம்பெனி ஏன் விரிவான லெட்டர் தரவில்லை என்று ஒரு பக்கத்தில் நீங்களே விளக்குங்கள், அவர்கள் மறுத்த மின்னஞ்சலையும் இணையுங்கள். சொந்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்தவர்களுக்கும் வழி உண்டு. கனடாவுக்கு வெளியே செய்த சுயதொழில் இந்தப் பிரிவில் கணக்கில் சேரும். ஆனால் உங்கள் கடமைகளை நீங்களே சான்றளித்துக்கொள்ள முடியாது. கிளையன்டுகளின் கடிதமும் பணம் வந்த தடயமும் வேண்டும்.

விசாவில் ஒரு தொழில், செய்வது வேறு தொழில் என்ற நிலை வளைகுடாவில் சகஜம். ப்ராஜெக்டை நடத்துபவரின் விசாவில் ‘மேசன்’ என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதை மறைக்காதீர்கள். விளக்கக் கடிதத்தில் காரணத்தைச் சொல்லி, சம்பளத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் ஆதாரமாகக் காட்டினால் போதும்.

ஏஜென்ட் சொன்ன ‘மேனேஜர் லெட்டருக்கு’ வருவோம். கம்பெனி உங்களுக்குத் தராத பதவியைத் தந்ததாக எழுதி வாங்கினால் அது பொய்த்தகவல். குடியேற்றச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி ஐந்து வருடத் தடை. அதிகாரிகள் கம்பெனிக்குப் போன் செய்து சரிபார்ப்பது உண்டு. மாட்டிக்கொண்டால் ஏஜென்டின் பெயர் எங்கும் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். ஆலோசகர் வேண்டும் என்றால் கனடாவின் உரிமம் பெற்றவரா என்று சி.ஐ.சி.சி. என்ற அந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

புள்ளிக் கணக்கு. இதில் இரண்டு தராசு இருக்கிறது, பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது நுழைவுத் தகுதி, 100-க்கு 67. உங்களுக்கு வயது 36-க்கு 11, இளங்கலைப் பட்டத்துக்கு 21, ஆறு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 15. ஆக 47. மீதி 20 ஆங்கிலத்திலிருந்து வர வேண்டும். கனடாவின் மொழித்திறன் அளவுகோலுக்கு சி.எல்.பி. என்று பெயர். குறைந்தபட்சத் தேவை சி.எல்.பி. 7 என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மை. ஆனால் சி.எல்.பி. 7-க்கு 16 புள்ளிதான், உங்கள் கூட்டுத்தொகை 63, வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். சி.எல்.பி. 8 வாங்கினால் சரியாக 67. சி.எல்.பி. 9 என்றால் 71.

இரண்டாவது தராசு சி.ஆர்.எஸ். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற இணைய விண்ணப்பக் குளத்தில் உங்களை மற்றவர்களோடு வரிசைப்படுத்துவது அதுதான். தனி நபராக உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வயதுக்கு 72, பட்டத்துக்கு 120. நான்கு திறன்களிலும் சி.எல்.பி. 9 என்றால் மொழிக்கு 124. பட்டமும் மொழியும் சேர்ந்து 25, வெளிநாட்டு அனுபவமும் மொழியும் சேர்ந்து 50. மொத்தம் 391.

இப்போது ரைட்டிங்கில் மட்டும் 6.5 வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரலில் சி.எல்.பி. 9 என்றால் லிசனிங் 8, மற்ற மூன்றும் 7. அந்த அரை பேண்டுக்கு நேரடி இழப்பு 8 புள்ளிதான். ஆனால் சேர்க்கைப் புள்ளிகளுக்கு நான்கிலும் 9 வேண்டும் என்பதால் 25 என்பது 13 ஆகும், 50 என்பது 25 ஆகும். மொத்தம் 45 புள்ளி காணாமல் போய் 346-இல் நிற்பீர்கள். ஒரு கட்டுரைத்தாளில் அரை பேண்ட்! பத்து வருட சைட் அனுபவத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே ஆங்கிலத் தேர்வை ‘எப்படியும் பாஸ் ஆகிவிடலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சைட் ஆட்கள் நன்றாகப் பேசுவார்கள், கட்டுரையில் சறுக்குவார்கள். மூன்று மாதம் அதற்கென்றே ஒதுக்குங்கள்.

391 போதுமா? போதாது என்றே நேராகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கைத்தொழில்களுக்கான ட்ரேட்ஸ் பிரிவுக்கென்று நடந்த முதல் அழைப்புச் சுற்றில், 2023 ஆகஸ்டில், வெட்டுப்புள்ளி, அதாவது அழைப்பு பெற்ற கடைசி ஆளின் புள்ளி, 388. 2024 அக்டோபரில் 433. 2025 செப்டம்பரில் 505. அந்த ட்ரேட்ஸ் பட்டியலில் 70010-ஐச் சேர்த்ததே 2025 பிப்ரவரியில்தான். நமக்குக் கதவு திறந்த அதே வருடம் படிக்கட்டு உயர்ந்துவிட்டது. பட்டியல் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

391-லிருந்து மேலே ஏற உங்களுக்கு வழிகள் குறைவு. ஒரு மாகாணமே உங்களைத் தேர்ந்தெடுத்து மாகாண நியமனம் தந்தால் 600 புள்ளி, அதோடு கதை முடிந்தது. ஆனால் 2025-இல் மாகாணங்களுக்கான ஒதுக்கீட்டை 1,10,000-லிருந்து 55,000 ஆகப் பாதியாக்கினார்கள். அதனால் ஏற்கெனவே கனடாவில் வேலை செய்பவர்களுக்கே பெரும்பாலும் முன்னுரிமை போயிற்று. அட்லாண்டிக் மாகாணங்கள் நான்குக்கும் தனித் திட்டம் இருக்கிறது. அதற்கு அங்கே அங்கீகாரம் பெற்ற முதலாளி ஒருவர் வேலை தர வேண்டும், எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளி தேவையில்லை. கட்டுமானக் கம்பெனிகளுக்கு நேரடியாக எழுதும் பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல வழி.

பிரெஞ்சு என்றதும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு திறன்களிலும் நிலை 7 வந்தால் கூடுதலாக 50 புள்ளி, இரண்டாம் மொழிக்கான புள்ளி தனி. அதைவிட முக்கியம், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. 2024 பிப்ரவரி 29 அன்று அதன் வெட்டுப்புள்ளி 336 வரை இறங்கியது. உங்களிடம் 391 இருக்கிறது. அடியிலிருந்து ஆரம்பித்தால் ஒன்றரை வருட உழைப்பு, தினமும் இரண்டு மணி நேரம். உங்கள் நிலையில் 36 வயதில் யார் இருந்தாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். ஒரு முதுகலைப் பட்டத்துக்குப் பணம் கட்டுவதைவிட இது எனக்கு நியாயமாகப் படுகிறது.

வேலை உத்தரவாதக் கடிதம் விற்பவர்கள் உங்களிடம் வருவார்கள். 2025 மார்ச் 25 முதல் சி.ஆர்.எஸ்.-இல் வேலை வாய்ப்புக்கான 50, 200 புள்ளிகள் இரண்டுமே நீக்கப்பட்டுவிட்டன. வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கும் அரசு அனுமதியான எல்.எம்.ஐ.ஏ. என்ற பெயரில் யாராவது பெரிய தொகை கேட்டால் அவர் விற்பது காலாவதியான சரக்கு.

பட்டத்துக்கு மதிப்பீட்டு அறிக்கை, அதாவது இ.சி.ஏ., வேண்டும். அது ஐந்து வருடம் செல்லும், மொழித்தேர்வு இரண்டு வருடம் செல்லும். கையிருப்புப் பணத்தையும் காட்ட வேண்டும். 2025 ஜூலையில் வந்த திருத்தப்படி தனி நபருக்கு 15,263 கனடிய டாலர். கடன் வாங்கிய பணம் அதில் சேராது. அழைப்பு வந்தபின் எல்லா ஆவணத்தையும் ஏற்ற 60 நாள்தான். கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டியிருக்கும் என்பதால், நாடு நாடாக வேலை பார்த்தவர்கள் அந்த 60 நாளில் தலைதெறிக்க ஓடுவார்கள். எந்த நாட்டில் எப்படி வாங்குவது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர் வேலைக்கு உரிமம் கட்டாயம் இல்லை. ‘இன்ஜினியர்’ என்று அழைத்துக்கொள்ளத்தான் மாகாணச் சங்கத்தின் உரிமம் வேண்டும். ஒன்டாரியோவில் அதற்கிருந்த ‘கனடிய அனுபவம்’ என்ற நிபந்தனையை 2023-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் முதல் நாளே மேனேஜர் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர், உதவி சூப்பரின்டென்டன்ட், எஸ்டிமேட்டர் என்றுதான் பலர் உள்ளே நுழைகிறார்கள். கட்டும் விதமே வேறு: வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் நிற்கும், குளிர்காலத்தில் கான்கிரீட்டைப் போர்த்திச் சூடேற்றிக் காக்க வேண்டும். நேர்காணலில் எடுபடுவது அவர்களுடைய ஒப்பந்த முறை தெரிந்திருப்பது. அங்கே பரவலாகப் புழங்கும் நிலைத்தொகை ஒப்பந்தப் படிவம் சி.சி.டி.சி. 2. ஒன்டாரியோவில் முறையான பில் வந்த 28 நாளுக்குள் உரிமையாளர் பணம் தர வேண்டும், அது கைக்கு வந்த 7 நாளுக்குள் ஒப்பந்தக்காரர் சப்-கான்ட்ராக்டருக்குத் தர வேண்டும். நம்மில் ஆர்.ஏ. பில்லுக்காக மாதக்கணக்கில் வாசலில் நின்றவர்களுக்கு இது கதைபோல இருக்கும். கனடியக் கட்டுமானச் சங்கம் தரும் கோல்டு சீல் சான்றிதழையும் பின்னால் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அங்கே இதற்கு நிகரானது கன்ஸ்ட்ரக்‌ஷன் ப்ராஜெக்ட் மேனேஜர், 133111. விசாவுக்கு முன்னாலேயே வெட்டாசெஸ் என்ற அமைப்பு உங்கள் படிப்பையும் வேலையையும் மதிப்பிடும். லெட்டரின் கடமைகளை அவர்களும் வரி வரியாகப் படிப்பார்கள். 33 முதல் 39 வயதுவரை ஒரே புள்ளி, 25. கனடாவில் போல ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் தேயாது.

உங்கள் பிறந்தநாள் எப்போது என்று எழுதவில்லை. 37 ஆனதும் கனடா கணக்கில் 72 என்பது 66 ஆகும், 38-இல் 61. ஆங்கிலத் தேர்வுக்குத் தேதி வாங்குவதையும், லெட்டர் கேட்டு ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புவதையும் இந்த வாரமே செய்துவிடுங்கள். லெட்டர் கைக்கு வந்ததும் கடமைகள் பகுதியை மட்டும், பெயர்களை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.